கட்டி உடைத்த குதிரைகள்

வளைபலகைக் கலப்பை மண்ணை எப்படிப் புரட்டிப் போடுகிறது என்று சென்ற பகுதியில் பார்த்தோம். புரட்டியதோடு உழவு முடிந்துவிடுவதில்லை. களிமண் நிலத்தில் அந்தக் கலப்பை ஒருமுறை போய்வந்தால் தரையெங்கும் கட்டி கட்டியாகக் கிடக்கும். கட்டிகளின் இடுக்கில் விழுந்த விதை ஆழத்தில் புதைந்து முளைக்காமல் போகும். முளைத்தாலும் வேர் பற்ற மண் கிடைக்காமல் காயும். நம் ஊரில் இந்த இடத்தில்தான் பரம்புப் பலகை வருகிறது. ஐரோப்பாவில் இந்த வேலை குதிரையிடம் போனது. குதிரைக்காகச் செய்த கருவிகள் மண்ணைப் பற்றிய ஒரு நம்பிக்கையையும் கூடவே வளர்த்தன: மண் எவ்வளவு பொடியாகிறதோ அவ்வளவு நல்லது என்பதே அது. இருநூறு ஆண்டுகள் அந்த நம்பிக்கை இரும்பில் வார்க்கப்பட்டு வளர்ந்த கதை இது.

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஜெஃப்ரி லட்ரெல் என்ற நிலக்கிழார், ஏறத்தாழ 1325-க்கும் 1340-க்கும் இடையில், தனக்கென்று ஒரு திருப்பாடல் ஏட்டை எழுதுவித்தார். இன்று அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் ஓரங்களில் வேளாண் வேலைகளை வரிசையாகத் தீட்டியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் நான்கு எருதுகள் கலப்பை இழுக்கின்றன. இன்னோர் இடத்தில் இரண்டு பேர் நீண்ட காம்புள்ள மரச்சுத்தியால் கட்டிகளை அடித்து உடைக்கிறார்கள். வேறோர் இடத்தில் பல் வைத்த சட்டம் ஒன்று, அதாவது பலுகு, நிலத்தின்மேல் போகிறது. அதை இழுப்பது குதிரை. பின்னால் ஒருவன் கவண் சுழற்றி விதை தின்னும் பறவைகளை விரட்டுகிறான். இதற்கும் முந்தைய பதினொன்றாம் நூற்றாண்டுப் பேயோ சித்திரத் துணியின் கரையிலும் பலுகை இழுப்பது குதிரைதான்.

உழவுக்கு எருதையும் பலுகுக்குக் குதிரையையும் பூட்டியதற்குக் காரணம் உண்டு. கலப்பைக்கு வேண்டியது நிதானமான, விடாத இழுப்பு. பலுகின் பல் வேலை செய்யும் விதம் வேறு. அது போகிற போக்கில் கட்டியை மோதி உடைக்கிறது. மோதும் வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். எருதைவிட விரைந்து நடக்கும் குதிரை அதே பலுகால் கூடுதல் கட்டிகளை உடைத்தது. தொண்டையை அழுத்தாமல் தோளில் பாரத்தை ஏற்றும் திண்டு வைத்த கழுத்துப்பட்டை புழக்கத்துக்கு வந்த பிறகு, குதிரையை முழு வலுவோடு இழுக்க வைக்கவும் முடிந்தது.

அந்த எளிய பலுகிலும் வடிவமைப்புச் சிக்கல் ஒன்று இருந்தது. சதுரச் சட்டத்தில் வரிசையாகப் பற்களை அடித்து நேராக இழுத்தால், முன்பல் போன கோட்டிலேயே பின்பல்லும் போகும். இருபது பல் இருந்தாலும் நிலத்தில் விழுவது நான்கைந்து கோடுதான். இதற்கு உழவர்கள் கண்ட தீர்வு, சட்டத்தை மூலையில் கட்டி இழுப்பது. சதுரம் சாய்ந்து போகும்போது ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தடம் கிடைக்கிறது. ஒரு செலவும் இல்லாத இந்த மாற்றத்தைச் செய்தது யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. பின்னாளில் பெட்ஃபோர்டின் ஹோவர்டு பட்டறை வார்த்து விற்ற வளைந்து நெளிந்த இரும்புப் பலுகும் இதே கணக்கில்தான் அமைந்தது.

கருவி செய்பவன் எதைச் செய்தாலும் ஒரு வரம்புக்குள்தான் செய்ய வேண்டும். அது குதிரையின் வலு. 680 கிலோ எடையுள்ள நல்ல உழவுக்குதிரை, நாள் முழுக்கச் சோராமல் இழுக்கக்கூடியது தன் எடையில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 68 கிலோ இழுவிசை, மணிக்கு 4 கிலோமீட்டர் நடையில். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஜேம்ஸ் வாட் வகுத்த ஒரு குதிரைத்திறன் இதுதான். இரண்டு குதிரை பூட்டினால் 136 கிலோ. அதற்குள் மண்ணை வெட்ட வேண்டும், நொறுக்க வேண்டும், கருவியின் சொந்த எடையையும் இழுக்க வேண்டும். பல் ஒரு விரற்கடை ஆழம் கூடுதலாக இறங்கினால் குதிரை நின்றுவிடும். இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு வளைவும், சக்கரமும், வில்லும் இந்த வரம்போடு போராடிப் பிறந்தவை.

இந்தப் போராட்டத்தை ஒரு கொள்கையாகவே மாற்றியவர் ஜெத்ரோ டல். 1674-இல் பெர்க்‌ஷயரின் பேசில்டனில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, லண்டன் கிரேஸ் இன்னில் சட்டம் பயின்று, 1699-இல் வழக்கறிஞரானார். உடல்நலம் இடம் கொடுக்காததால் நிலத்துக்குத் திரும்பினார். 1701 வாக்கில் வாலிங்ஃபோர்டு அருகே ஹௌபெரி பண்ணையில், விதையை வரிசையாக இடும் கருவி ஒன்றைச் செய்தார். அதில் விதையை அளந்து விழவைக்கும் பொறிக்கு மாதிரியாக அவர் எடுத்துக்கொண்டது, இளமையில் தாம் வாசித்த ஆர்கன் இசைக்கருவியின் உட்பகுதிகளை. சான்ஃபாயின் என்ற தீவனப் பயிரைத் தாம் சொன்னபடி விதைக்க வேலையாட்கள் மறுத்ததால்தான் கருவி செய்ய நேர்ந்தது என்று டல் எழுதிவைத்திருக்கிறார். அந்த வேலையாட்கள் தங்கள் பக்கத்தை எழுதிவைக்கவில்லை. கைகளைக் குறைக்கும் கருவி கூலிக்காரனுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

விதைப்புக் கருவிக்காகத்தான் பள்ளிப் பாடங்கள் டல்லை நினைவு வைத்திருக்கின்றன. அவரே பெரிதாக நினைத்தது இன்னொன்றை. 1711-இல் உடல் தேற வேண்டி பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போனவர், 1714 வரை அங்கே சுற்றினார். தென் பிரான்சின் லாங்டாக் பகுதியில் ஃப்ரோன்டினியான் ஊரின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தார். அங்கே கொடிகளுக்கு எரு போடுவதில்லை. வரிசைகளுக்கு நடுவே மறுபடி மறுபடி உழுதுகொண்டே இருந்தார்கள். கொடிகள் செழித்தன. எரு இல்லாமல் உழவு மட்டுமே பயிரை வளர்க்கிறது என்று டல் முடிவுகட்டினார். ஊர் திரும்பி, ஹங்கர்ஃபோர்டு அருகே தம் ப்ராஸ்பரஸ் பண்ணையில் முதலில் டர்னிப்பிலும் உருளைக்கிழங்கிலும், பிறகு கோதுமையிலும் அதைச் செய்து பார்த்தார். 1731-இல் ஒரு முன்னோட்டமாகவும் 1733-இல் முழு நூலாகவும் தம் முறையை வெளியிட்டார். திராட்சைத் தோட்டத்து வேளாண்மையைத் தானிய வயலுக்குள் கொண்டுவரும் வழி என்று நூலின் தலைப்பிலேயே அறிவித்தார்.

நாம் இடையுழவு என்று சொல்கிறோமே, அதுதான் டல்லின் முறை. ஏறத்தாழ ஆறடி அகலத்துக்கு ஒரு வரப்புமேடு. அதன் முதுகில் நெருக்கமாக இரண்டு அல்லது மூன்று வரிசைக் கோதுமை. மீதி இடம் வெறும் மண். அந்த வெற்றிடத்தில் குதிரை நடக்கும், பின்னால் சிறு கலப்பை போகும். பயிர் நிற்கும்போதே உழவு நடக்கும் என்பதுதான் அன்றைய உழவர்களுக்குப் புதுமை. வீசி விதைத்த வயலில் குதிரை கால் வைக்க இடம் ஏது?

இந்தக் கலப்பையில் டல் செய்த நுட்பத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வேர் அருகே மண்ணைக் கிளற வேண்டுமானால் கொழு பயிர் வரிசையை ஒட்டிப் போக வேண்டும். சாதாரண ஏரில் குதிரையும் கொழுவும் ஒரே நேர்கோட்டில் இருப்பதால், கொழு வரிசையை ஒட்டினால் குதிரை பயிரை மிதிக்கும். டல் ஏர்க்காலை ஒரு குறுக்குப் பலகையில் பொருத்தி, அதை இடமோ வலமோ நகர்த்திக்கொள்ள வழி வைத்தார். குதிரை நடுவழியே போக, கொழு ஒதுங்கிப் பயிரோரம் போயிற்று. குளிருக்கு முன்னால் மண்ணை வரிசையிலிருந்து விலக்கித் தள்ளுவார். இளவேனில் வந்ததும் உறைபனியில் உதிர்ந்து பதமான அதே மண்ணைத் திரும்ப வரிசையின்மேல் அணைப்பார். புல் மண்டிய தரையை உடைக்க, ஒரே கலப்பையில் நான்கு வெட்டுக்கத்திகளை வைத்தார். கொழு புரட்டும் முன்பே கத்திகள் தரையைப் பட்டை பட்டையாகக் கீறிவிடும். புரண்டு விழும்போதே மண் சிறு துண்டுகளாகக் கிடக்கும்.

கருவி அருமை. அதற்கு அவர் சொன்ன விளக்கம் தவறு. செடி மண்ணைத் தின்று வளர்கிறது, வேர்முனைகள் நுண்ணிய வாய்கள், மண் எவ்வளவு பொடியானதோ அவ்வளவு எளிதாக அந்த வாய்களுக்குள் நுழையும் என்று டல் உறுதியாக நம்பினார். எருவின் பயன் மண்ணை நொதிக்கவைத்துப் பொடிப்பது மட்டுமே, அந்த வேலையை இரும்பு இன்னும் நன்றாகச் செய்யும் என்பது அவர் வாதம். எரு களைவிதைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்ற வெறுப்பும் அவருக்கு இருந்தது. திருக்குறளின் உழவு அதிகாரம் படித்தவர்களுக்கு இங்கே ஒரு நினைவு எழும். ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்ற பொருளில் அங்கே ஒரு குறள் இருக்கிறது. ஆனால் அதற்கு அடுத்த குறளிலேயே, உழுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறார் வள்ளுவர். டல் முதல் குறளின் கருத்தோடு நின்றுவிட்டார் என்று சொல்லலாம்.

ஆனாலும் அவர் வயலில் பயிர் விளைந்தது. ஒரே நிலத்தில் எரு இல்லாமல் பதின்மூன்று ஆண்டு தொடர்ந்து கோதுமை எடுத்ததாக அவர் எழுதியிருக்கிறார். இதற்கான உண்மைக் காரணம் தெரிய இன்னும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. மண்ணைக் கிளறினால் களை சாகிறது, தண்ணீருக்கும் சத்துக்கும் போட்டி குறைகிறது. அதோடு மண்ணுக்குள் காற்று புகுகிறது. காற்று கிடைத்த நுண்ணுயிர்கள் மண்ணில் சேர்ந்திருக்கும் மட்கைச் சிதைத்து, அதிலுள்ள தழைச்சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த மாற்றம் உயிரிகளின் வேலை என்பதை 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் இருவரும் நிறுவினார்கள். ஆக, டல்லின் கோதுமை மண்ணைத் தின்னவில்லை. பல தலைமுறையாகச் சேர்ந்த மட்கை எடுத்துச் செலவழித்தது. அந்தச் சேமிப்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ராதாம்ஸ்டெட் ஆய்வுநிலையத்தின் பிராட்பாக் வயல் சாட்சி. 1843-இல் தொடங்கிய சோதனையில், எருவோ உரமோ போடாத பாத்தி இன்றும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் கோதுமை கொடுத்துக்கொண்டிருக்கிறது. பயிர் சாகவில்லை. ஆனால் அந்த அளவு விளைச்சலை நம்பி எந்த நாடும் சோறு போட முடியாது.

டல்லைச் சொந்த நாட்டில் பலர் ஏற்கவில்லை. ஸ்டீஃபன் ஸ்விட்சர் முதலானோர், முன்னோர் நூல்களிலிருந்து திருடியவர் என்றே அவரைக் குற்றம்சாட்டினர். 1741-இல் அவர் இறந்த பிறகு பிரான்சில் துயமெல் து மோன்சோ அவர் முறையை விரித்து 1750 முதல் 1761 வரை ஆறு தொகுதிகள் எழுதினார். ஜெனீவாவின் லுலாங் த ஷாத்தோவியூ அதற்காகக் கருவிகளைத் திருத்திச் செய்து சோதித்தார். இங்கிலாந்தில் 1822-இல் வில்லியம் காபெட் டல்லின் நூலை மறுபதிப்புச் செய்தார். கோதுமையில் தோற்ற இடையுழவு, டர்னிப் வயலில் வென்றது. ஸ்காட்லாந்து எல்லைப்புற உழவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் கிழங்கை வரிசையில் விதைத்துக் குதிரையால் களையெடுப்பதைப் பழக்கமாக்கியிருந்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வார்ப்பிரும்பின் காலம். கருவிகள் பெருகின, எல்லாவற்றையும் இங்கே சொல்ல வேண்டியதில்லை. 1820 வாக்கில் அயர்ஷயரின் ஃபின்லேசன், பல்லை முன்புறமாக அரிவாள்போல் வளைத்தார். தோண்டியெடுத்த களைவேர்கள் வளைவின்மேல் ஏறித் தாமே கீழே விழுந்தன. உழவன் கருவியை நிறுத்திப் பல்லைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கவில்லை. 1841-இல் யார்க்‌ஷயர் பெவர்லியின் வில்லியம் கிராஸ்கில் கட்டி நொறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். முழு உருளையாக வார்க்காமல், பல் வைத்த வளையங்களைத் தனித்தனியாக ஓர் அச்சில் தொளதொளவென்று கோத்தார் அவர். ஒவ்வொரு வளையமும் தன் வேகத்தில் சுழலும், திரும்பும் இடத்தில் மண்ணைப் பிய்க்காது. ஈரமண் அப்பினாலும் பக்கத்து வளையங்கள் உரசி உதிர்த்துவிடும். 1844-இல் வந்த கேம்பிரிட்ஜ் உருளையும் இதே வழியில் போனது. அது அந்த ஊரின் பெயரல்ல, செய்தவரின் பெயர்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி அமெரிக்கக் காட்டில் பிறந்தது. மிச்சிகனில் மரத்தை வெட்டி நிலமாக்கிய குடியேறிகளுக்கு, தரைக்கடியில் வேரும் அடிக்கட்டையும் எங்கே இருக்கிறது என்று தெரியாது. விறைப்பான பல் வேரில் மாட்டினால் பல் ஒடியும், இல்லையென்றால் சட்டம் பிளக்கும். குதிரையின் தோளில் விழும் அதிர்ச்சியும் சிறிதல்ல. அதனால் கட்டைகளுக்கு நடுவே நழுவிப்போகும் முக்கோணப் பலுகை வைத்துச் சமாளித்தார்கள். 1869-இல் மிச்சிகனின் டேவிட் கார்வர், பல்லையே வில்லாக்கினார். எஃகுப் பட்டையை அரைவட்டமாக வளைத்து மேல்முனையை மட்டும் சட்டத்தில் பிணைத்தார். வேரில் மாட்டியதும் பல் பின்னால் வளைந்து, மேலேறித் தாண்டி, மறுபடி தன் இடத்துக்கு வந்து நிற்கும். ஒடியாமல் இருக்கவே இதைச் செய்தார்கள். கட்டை இல்லாத நிலத்திலும் அதற்கு ஒரு பயன் இருப்பது பிறகு தெரிந்தது. வில்பல் போகும்போது ஓயாமல் நடுங்குகிறது. அந்த நடுக்கம் கட்டிகளைத் தளர்த்துகிறது, களைகளைக் கிழிக்காமல் வேரோடு மேலே கொண்டுவருகிறது. இன்று டிராக்டரின் பின்னால் போகும் வில் வைத்த கொக்கிக் கலப்பையில் அந்த மிச்சிகன் பல்லின் வாரிசைப் பார்க்கலாம்.

அடுத்து வந்தது சட்டிப் பலுகு. குழிந்த எஃகு வட்டுகளை ஓர் அச்சில் கோத்து, போகும் திசைக்குச் சற்றுச் சாய்வாக வைத்தார்கள். சாய்வு கூடினால் ஆழம் கூடும். உருண்டு போவதால் வைக்கோல் மாட்டுவதில்லை, தாளையும் வெட்டித் தள்ளும். குதிரைக்கு மட்டும் இதில் ஒரு தொல்லை இருந்தது. கருவியின் எடை நீண்ட ஏர்க்கால் வழியாகக் குதிரைகளின் கழுத்தில் இறங்கிப் புண்ணாக்கியது. ஏர்க்காலின் கீழே இரண்டு சிறு சக்கரங்கள் வைத்த தாங்குவண்டியைச் சேர்த்த பிறகுதான் அந்தக் கழுத்துகள் தப்பின.

டல் கண்ட கனவு முழுமையாக நிறைவேறியது மக்காச்சோள வயலில். 1856-இல் விஸ்கான்சினின் ஜார்ஜ் எஸ்டர்லி, பயிர் வரிசையைத் தாண்டிக் கால் விரித்து நிற்கும் இடையுழவுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். வரிசையின் இருபுறமும் ஒவ்வொரு குதிரை, நடுவே பயிர், இருபக்கமும் கொழுக்கள். ஒரே ஓட்டத்தில் வரிசையின் இரண்டு ஓரமும் முடிந்தது. குதிரையின் உடம்பு நுழைய இடம் வேண்டும் என்பதால் அமெரிக்க மக்காச்சோள வரிசைகளின் இடைவெளி ஏறத்தாழ 40 அங்குலமாக நிலைத்தது. குதிரைகள் வயலை விட்டுப் போன பிறகும் பல ஆண்டுகள் அந்த அளவு மாறவில்லை.

இதுவரை சொன்னவை மழை தவறாத, களிமண் கனத்த நிலங்களின் கதை. மண்ணைப் பொடிக்கும் நம்பிக்கை அங்கிருந்து மழை குறைந்த அமெரிக்கப் பெருஞ்சமவெளிக்கு ரயிலேறியது. 1879-இல் டகோட்டாவில் குடியேறிய ஹார்டி வெப்ஸ்டர் கேம்பெல், வறட்சியில் பயிரைக் காக்க ஒரு முறை சொன்னார். ஆப்பு விளிம்புள்ள சக்கரங்களால் அடிமண்ணை இறுக்க வேண்டும்; மேல்மண்ணை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பலுகு ஓட்டிப் புழுதியாகவே வைத்திருக்க வேண்டும். அந்தப் புழுதிப் போர்வை, அடியிலிருந்து ஏறும் ஈரத்தை ஆவியாகாமல் தடுக்கும் என்றார். நிலம் விற்க வேண்டியிருந்த ரயில் நிறுவனங்கள் இந்த முறையை ஊர் ஊராகப் பரப்பின. ஆனால் வறண்ட தட்பவெப்பத்தில் மேல்மண் தானாகவே காய்ந்து அந்தப் போர்வையாகிவிடும். அடிக்கடி ஓட்டிய பலுகால் கிடைத்த பலன் பெரும்பாலும் களை செத்ததால் வந்தது.

குதிரை இருந்தவரை இதற்கு ஒரு கடிவாளம் இருந்தது என்பது என் கருத்து. நாளொன்றுக்கு இத்தனை ஏக்கர்தான் என்று குதிரையின் தோள் சொல்லிவிடும். 1920-களில் டிராக்டரும், கேன்சஸின் சார்லஸ் ஏஞ்செல் செய்த ஒருபக்கச் சட்டிக் கலப்பையும் வந்ததும் அந்த எல்லை போயிற்று. புல்வெளி மைல் கணக்கில் புழுதியானது. 1930-களின் வறட்சியில் காற்று அதை அள்ளியது. 1935 ஏப்ரல் 14 அன்று பகலை இருட்டாக்கிய புழுதிப் புயலை அமெரிக்கர்கள் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி மண்வளப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

பிறகு டபிள்யூ. எஸ். செப்பில் என்ற மண்ணியலாளர் காற்றரிப்பை அளந்து ஓர் எல்லை சொன்னார். 0.84 மில்லிமீட்டருக்குக் குறைந்த மண்துகளைக் காற்று எளிதாகக் கொண்டுபோகும். அதைவிடப் பெரிய கட்டி தாக்குப்பிடிக்கும். டல் உடைக்கச் சொன்ன கட்டிதான் சமவெளியின் மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் சார்லஸ் நோபிள் 1930-களில் செய்த அகன்ற கத்தி, நிலத்துக்கு அடியில் கிடைமட்டமாகப் போய்க் களையின் வேரை மட்டும் அறுத்தது. மேலே கட்டியும் தாளும் அப்படியே நின்றன. மழை தவறாத நிலத்தில் டல் செய்தது சரி. அதை மழையில்லாத மணற்பாங்கில் அப்படியே செய்யச் சொன்னவர்களின் பிழையை அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஐரோப்பாவின் இந்தக் கருவிகள் நம் பக்கமும் வந்தன. 1860-களில் சென்னை ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசன் காலத்தில் நீராவிக் கலப்பை, பலுகு, விதைப்புக் கருவி, குதிரை இழுக்கும் களைக்கொத்து எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறின. அவற்றைச் சோதிக்க 1865-இல் சைதாப்பேட்டையில் ஒரு பண்ணை தொடங்கியது. அந்தப் பண்ணையின் கதையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

(தொடரும்)